லண்டன் பெருந்தீயும் கட்டட வேலையாட்களும்

லண்டன் பெருந்தீ 1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் தொடங்கியது. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் பழைய செயின்ட் பால் பேராலயமும் எரிந்தன. மர வீடுகள் எரிந்தன, சட்டம் வந்தது, செங்கல் வீடுகள் எழுந்தன என்று இந்த வரலாற்றை மூன்று வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் தீத்தடுப்புச் சட்டம் லண்டனுக்குப் புதிதல்ல. தீக்குப் பின் புதிதாக வந்தவை வேறு இரண்டு. வீடு கட்ட யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதில் ஒரு தளர்வு, கட்டுவதை யார் வந்து பார்ப்பது என்பதில் ஓர் இறுக்கம்.

பழைய விதிகள்

12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அண்டை வீடுகளுக்கு இடையில் 3 அடி தடிமனில் கல்லால் பொதுச்சுவர் எழுப்புவதை ஊக்குவிக்கும் விதிகள் லண்டனில் இருந்தன. 1212இல் ஒரு பெரிய தீக்குப் பிறகு வைக்கோல், நாணல் கூரைகளுக்குத் தடை வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர்கள் முதலாம் ஜேம்ஸும் முதலாம் சார்லஸும் வீட்டு முகப்பு செங்கல்லில் இருக்கவேண்டும், மேல்மாடியைத் தெருவுக்கு மேலாக நீட்டிக் கட்டக்கூடாது என்று பலமுறை பிரகடனம் செய்தார்கள். கட்டுபவர்கள் அபராதத்தைச் செலுத்திவிட்டு மரத்திலேயே கட்டினார்கள். அரண்மனைக்கும் அபராதம் ஒரு வருமானமாகிவிட்டது. 1666இல் பல சந்துகளில் எதிரெதிர் வீட்டு மாடிகள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தன.

தீ தொடங்கிய அன்று மேயர் தாமஸ் பிளட்வர்த் அண்டை வீடுகளை இடித்துத் தீயின் பாதையை அடைக்கத் தயங்கினார். உரிமையாளரின் சம்மதமின்றி இடித்தால் திரும்பக் கட்டித்தரும் செலவு யார் தலையில் விழும் என்பது அவர் கவலை. வரலாறு அவரைக் கோழையாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி பொய்யானதல்ல. எரிந்து முடிந்தபின் நகரம் முழுவதும் கேட்டது அதே கேள்வியைத்தான்.

யார் செலவு?

லண்டன்வாசிகளில் பெரும்பாலோர் நீண்டகாலக் குத்தகையில் வீடு எடுத்திருந்தவர்கள். குத்தகைப் பத்திரத்தின்படி வீட்டைப் பழுதுபார்ப்பதும், எரிந்தால் கட்டித்தருவதும் பெரும்பாலும் குடியிருப்பவரின் கடமை. வீடே இல்லாதபோதும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் இழந்த ஒருவரிடம் சாம்பல் மேட்டுக்கு வாடகை கேட்டால் அவர் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தீர்க்க 1667 பிப்ரவரியில் தீ வழக்குகளுக்கென ஒரு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. கிளிஃபர்ட்ஸ் இன் என்ற இடத்தில் கூடிய அதன் நீதிபதிகள் பத்திரத்தின் வாசகத்தைவிட, யாரால் கட்ட முடியும் என்பதையே முதலில் பார்த்தார்கள். குடியிருப்பவர் கட்டினால் குத்தகைக் காலத்தை நீட்டித்து வாடகையைக் குறைத்தார்கள். அவரால் முடியாவிட்டால் உரிமையாளரைக் கட்டச் சொன்னார்கள். லண்டன் மீண்டெழுந்ததில் ரென் எழுப்பிய கோபுரங்களுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இந்த நீதிமன்றத்துக்கும் சேரவேண்டும்.

வெளியூர் வேலையாட்கள்

அதே மாதம் நிறைவேறிய மறுகட்டுமானச் சட்டம் வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோ இருக்கவேண்டும் என்றது. தெருவின் அகலத்துக்கு ஏற்ப வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, மாடிகளின் எண்ணிக்கையையும் சுவரின் தடிமனையும் வகுத்தது. பொதுச்சுவரை முதலில் கட்டுபவருக்குப் பக்கத்து மனைக்காரர் பின்னர் கட்டும்போது பாதிச் செலவை வட்டியோடு தரவேண்டும் என்றது. அண்டை வீட்டாரின் சண்டைகளில் பாதியை இந்த ஒரு விதி தீர்த்திருக்கும்.

ஆனால் ஒரு நகரத்தையே செங்கல்லில் கட்ட வேலையாட்கள் எங்கே? நகர எல்லைக்குள் தொழில்செய்யும் உரிமை அங்குள்ள தொழிற்குழுக்களைச் சேர்ந்த, நகர உரிமை பெற்ற கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும்தான் இருந்தது. கொத்தனார் குழு ஒன்று, தச்சர் குழு ஒன்று, சாந்து பூசுபவர்களுக்கு ஒன்று. ஒருவர் வேலையை மற்றவர் தொடக்கூடாது. சட்டம் இந்த வேலியைத் திறந்தது. வெளியூர் கட்டடத் தொழிலாளர்கள் ஏழு ஆண்டுகளுக்கும், பணி முடியாவிட்டால் அது முடியும்வரையும் நகருக்குள் வேலைசெய்யலாம். ஏழு ஆண்டுகள் உழைத்தவருக்கு அந்த உரிமை ஆயுள் முழுவதும் நீடிக்கும். கூலி கட்டுக்கடங்காமல் ஏறினால் அதை நிர்ணயிக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்குக் கொடுக்கப்பட்டது. தொழிற்குழுக்கள் முணுமுணுத்தன. ஒருமுறை தளர்ந்த பிடியை அவற்றால் பழையபடி இறுக்க முடியவில்லை.

இப்படி முன்பின் தெரியாத ஆட்கள் கட்டும்போது வேலையை யார் பார்ப்பது? நகராட்சி அளவையாளர்களை நியமித்தது. பீட்டர் மில்ஸ், ராபர்ட் ஹூக், ஜான் ஆலிவர் ஆகியோர் இந்தப் பணியின் பெரும்பகுதியைச் செய்தவர்கள். மனைக்காரர் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்திய ரசீதோடு வந்தால்தான் அளவையாளர் வந்து மனையை அளந்து முளையடித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகே அஸ்திவாரம் தோண்டலாம். நுண்ணோக்கியால் ஈயைப் பார்த்து வரைந்த அதே ஹூக்தான் பகலெல்லாம் சாம்பலுக்கு நடுவே அளவுச் சங்கிலியோடு அலைந்தார். 1703இல் அவர் இறந்தபோது அறையில் ஓர் இரும்புப் பெட்டி நிறையப் பணம் இருந்தது. ஆயிரக்கணக்கான பவுண்டுகள், பெரும்பாலும் இந்த வேலையில் சம்பாதித்ததாகவே கருதப்படுகிறது.

கூலி பேசும் மூன்று முறைகள்

அந்தக் காலத்தில் வேலையை ஒப்படைக்க மூன்று முறைகள் இருந்தன: நாள்கூலி, வேலையை அளந்து கூலி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. நம்மூர் மேஸ்திரியிடம் பேசியவர்களுக்கு மூன்றும் தெரிந்தவையே. 1681இல் ஆக்ஸ்போர்டில் ஒரு கோபுர வேலைக்காக பிஷப் ஃபெல்லுக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்டோபர் ரென் இம்மூன்றையும் எடைபோடுகிறார். அளந்து கூலி கொடுப்பதே சிறந்தது என்பது அவர் முடிவு. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட தொழிலாளி, தனக்குப் பழகாத வேலையில் கணக்குத் தவறி நட்டப்படுவான், அது தெரிந்ததும் வேலையை அரைகுறையாக முடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான் என்கிறார். இதில் அவர் தொழிலாளியைப் பழிக்கவில்லை, ஒப்பந்தத்தின் வடிவத்தைத்தான் குறைசொல்கிறார். வேலை முடிந்தபின் வந்து அளந்து கணக்கெழுதுவதே தனித்தொழிலாயிற்று. ஸ்டீபன் பிரிமாட் 1667இலும் வில்லியம் லேபர்ன் 1668இலும் வெளியிட்ட நூல்களின் துணையால் சாதாரண வீட்டுக்காரரும் விலை நிலவரம் தெரிந்துகொண்டு பேரம் பேச முடிந்தது.

பார்பன்

இதே காலத்தில் நிக்கோலஸ் பார்பன் வேறொரு வழியைப் பெரிதாக்கினார். மருத்துவம் படித்த அவர் பெரிய மனைகளை வாங்கித் துண்டுபோட்டு விற்றார், வரிசை வரிசையாக வீடுகளையும் கட்டினார். மின்சிங் லேனில் அவர் கட்டிய வீடுகள் நிலவறை வளைவுகள் பலவீனமாக இருந்ததால் இடிந்து விழுந்தன. லண்டனில் வீடுகளுக்கான தீக்காப்பீட்டைத் தொழிலாகத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. 1680-81இல் திறந்த அவரது அலுவலகம் ஆண்டு வாடகையில் செங்கல் வீட்டுக்கு 2.5 சதவீதமும் மர வீட்டுக்கு 5 சதவீதமும் கட்டணம் கேட்டது. அரச பிரகடனத்தைப் பொருட்படுத்தாத வீட்டுக்காரருக்கு இந்த இருமடங்கு கட்டணம் புரிந்தது. ஆனால் வெளியே செங்கல் தெரியும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று காப்பீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? சுவருக்குள் கிடைமட்டமாக மரம் பதிப்பதும், விலை உயர்ந்த செங்கல்லை முகப்புக்கு மட்டும் வைப்பதும் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

பிந்தைய சட்டங்கள்

1707ஆம் ஆண்டுச் சட்டம் மரத்தாலான கூரை விளிம்புகளைத் தடைசெய்தது, ஒவ்வொரு திருச்சபை வட்டமும் தீயணைப்புப் பொறி வைத்திருக்கவேண்டும் என்றது. கவனக்குறைவால் வீட்டைக் கொளுத்திவிடும் வேலைக்காரருக்கு 100 பவுண்டு அபராதம், கட்டமுடியாவிட்டால் 18 மாதம் கடுங்காவல். ஒரு வேலைக்காரர் தம் வாழ்நாளில் 100 பவுண்டைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. புகைபோக்கிக்குள் உத்தரத்தைச் செருகிய தச்சருக்கு இதற்கு ஈடான தண்டனை இல்லை. 1709இல் சன்னல் சட்டங்களைச் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளிவைக்கச் சொன்னார்கள். லண்டனின் பழைய வீடுகளில் சன்னல் குழிந்து தெரிவது இதனால்தான்.

ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும் வகுத்த 1774ஆம் ஆண்டுச் சட்டம்தான் மேற்பார்வையை நிலையான ஏற்பாடாக்கியது. பகுதிக்கு ஓர் அளவையாளர் நியமிக்கப்பட்டார். கட்டத் தொடங்குமுன் அவருக்கு அறிவிக்கவேண்டும். எரிந்த வீட்டின் காப்பீட்டுத் தொகையை அந்த வீட்டைக் கட்டவே செலவிடும்படி கோரும் உரிமையும் இச்சட்டத்தில் வந்தது, பணத்துக்காக வீட்டைக் கொளுத்துபவர்களை மனத்தில் வைத்து. பகுதி அளவையாளருக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டுபவரே அவருக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். பலர் அதே நகரில் கட்டட வடிவமைப்புத் தொழிலும் செய்துவந்தார்கள். பலமுறை திருத்தப்பட்டாலும், பகுதி அளவையாளர் என்ற பதவி லண்டனின் உட்பகுதியில் 1986 வரை நீடித்தது.