யனகாவா

யனகாவா, ஜப்பானின் கியூஷூ தீவில், ஃபுக்குவோக்கா மாகாணத்தின் தெற்குப் பகுதியில் அரியாக்கே கடலோரமாக அமைந்த கால்வாய் நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 60,000. நகர எல்லைக்குள் கால்வாய்களின் மொத்த நீளம் சுமார் 930 கிலோமீட்டர். அதில் 60 கிலோமீட்டர் அளவு, பழைய கோட்டையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள்ளேயே பின்னிக் கிடக்கிறது. ஃபுக்குவோக்கா நகரில் காலையில் ரயில் ஏறினால் படகில் போய், விலாங்குமீன் சோறு சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்பதால் ஒருநாள் பயணத்துக்குப் பெயர்போன ஊர். ஜப்பானின் வெனிஸ் என்ற அடைமொழியும் உண்டு. அது அவ்வளவாகப் பொருந்தாது. வெனிஸ் கடல்நீரில் நிற்கிறது. யனகாவாவில் இருப்பதோ கடலுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்த நன்னீர்.

அரியாக்கே கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 6 மீட்டர் வரை வேறுபடும். ஜப்பானில் இதுவே மிக அதிகம். அலை ஒதுக்கிய சேற்றைத் திருத்தி உருவாக்கிய மண் என்பதால் கிணறு தோண்டினால் உப்பு. எனவே சதுப்பில் பள்ளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணால் வயல் உயர்ந்தது, பள்ளத்தில் மழைநீரும் யாபே ஆற்று நீரும் தேங்கின. ‘ஹோரிவாரி’ எனப்படும் இந்தக் கால்வாய்கள் பாசனத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் நீர் தந்தன. கொல்லைப்புறத்திலிருந்து படித்துறை இறங்கும். குடிநீரை விடியற்காலையிலேயே மொண்டுவிடுவார்கள், கழுவும் வேலையெல்லாம் பிறகுதான். சில இடங்களில் கால்வாயை வேண்டுமென்றே குறுக்கியிருப்பார்கள். பெருமழையில் நீர் அங்கே தயங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நிலத்தடிக்குள் நீர் ஊறுவதால் இளகிய மண் அமிழாமலும் நிற்கிறது.

1600-இல் செக்கிகஹாரா போருக்குப் பின் இங்கே ஆட்சிக்கு வந்த தனாக்கா யோஷிமாசா கோட்டையையும் கால்வாய்களையும் விரிவாக்கினார். அவர் மரபில் வாரிசில்லாமல் போகவே, அதே போரில் தோற்ற பக்கம் நின்று இந்த நாட்டை இழந்திருந்த தச்சிபானா முனேஷிகே 1620-இல் அதைத் திரும்பப் பெற்றார். கோட்டை 1872-இல் எரிந்துபோனது, அகழிகள் மிஞ்சின.

அவையும் மிஞ்சாமல் போயிருக்கும். குழாய்நீர் வந்ததும் கால்வாயைக் கவனிக்க ஆளில்லை. குப்பையும் சாக்கடையும் சேர்ந்தன, கொசு பெருகியது. 1977-இல் நகராட்சி பெரும்பாலான கால்வாய்களைத் தூர்த்தோ மூடியோ விடத் திட்டமிட்டது. அதைச் செய்யவேண்டிய பிரிவின் தலைமைக்கு வந்த ஹிரோமத்சு த்சுத்தாயே, செய்ய மறுத்தார். கால்வாயை மூடினால் ஊர் வெள்ளத்தில் மூழ்கும், நிலமும் இறங்கும் என்று நகரத் தலைவரிடம் வாதாடினார். திட்டம் நின்றது. பிறகு அவர் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசி, மக்களையே சேற்றில் இறக்கித் தூர்வாரவைத்தார். மேலதிகாரி கொடுத்த கோப்பை மூடிவைத்து ஓர் ஊரைக் காப்பாற்றிய அலுவலர்கள் அரியர். அசைவூட்டப் படம் ஒன்றுக்காக இந்த ஊரைப் பார்க்க வந்த இயக்குநர் இசாவோ தக்காஹத்தா, இந்தக் கதையில் சிக்கிக்கொண்டு இரண்டே முக்கால் மணி நேர ஆவணப்படமாக்கினார். 1987-இல் வெளிவந்த அதைத் தயாரித்தவர் ஹயாவோ மியசாக்கி.

ஃபுக்குவோக்காவின் தென்ஜின் பகுதியிலிருந்து நிஷிதெத்சு விரைவு ரயிலில் யனகாவாவுக்குச் சுமார் 50 நிமிடம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே படகுத்துறைகள். ‘தோன்கோபுனே’ என்னும் தட்டையான படகுக்கு எந்திரம் கிடையாது; படகோட்டி மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார், இடையிடையே பாடுவார். பாலங்கள் மிகத் தாழ்வு. தலையைக் குனியாவிட்டால் இடிக்கும். கோட்டை அகழிக்குள் நீர் நுழையும் பழைய மதகு வழியாகப் படகு நெருக்கிக்கொண்டு போகும். முற்காலத்தில் பகை வந்தால் இந்த மதகை அடைத்து, மேலே கரையை உடைத்துவிட்டால் சுற்றுவட்டாரம் முழுதும் நீர்க்காடாகி, கோட்டை மட்டும் தீவாக நிற்கும் என்பது ஏற்பாடு. குளிர்காலத்தில் படகிலேயே கணப்பு வைத்த மேசை போட்டுப் போர்வை மூடிவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரப் பயணம் ஒக்கினோஹத்தாவில் முடிகிறது. படகு ஒருவழிதான், திரும்பப் பேருந்து அல்லது நடை. இங்கே தச்சிபானா குடும்பத்தின் ‘ஒஹானா’ மாளிகையும் கறுப்புப் பைன் மரங்கள் சூழ்ந்த குளத் தோட்டமும் உள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் குடும்பம் அதை உணவகமும் விடுதியுமாக மாற்றி நடத்துகிறது. கவிஞர் கிதஹாரா ஹாக்கூஷூ (1885–1942) வளர்ந்த வீடும் பக்கத்தில்தான். அரிசி மதுவான சாக்கே காய்ச்சிய அந்தச் செல்வக் குடும்பத்தை 1901-இன் தீ நொடித்துப்போட்டது. அவர் நினைவுநாளையொட்டி நவம்பர் முதல் வாரத்தில் இரவில் படகுகள் விளக்கேற்றிக்கொண்டு போகும்.

ஊரின் உணவு ‘செய்ரோமுஷி’. குழம்புச்சாறு பிசறிய சோற்றை ஆவியில் வேகவைத்து, மேலே சுட்ட விலாங்கும் மெல்லிய முட்டைச் சீவலும் பரப்பி, மறுபடி வேகவைப்பார்கள். மூடியைத் திறந்ததும் சாப்பிட முடியாது; அவ்வளவு சூடு.

பிப்ரவரியில் போகிறவர்கள் நாளைப் பார்த்துப் போகவேண்டும். ‘மிசுஒத்தோஷி’ என்ற பெயரில் மதகுகளை அடைத்துப் பத்து நாள் அளவுக்கு அகழியை வடித்துவிடுவார்கள். படகு பெரும்பாலும் ஓடாது. தரையில் குப்பை பொறுக்கி, கரைக் கற்களைச் சரிபார்ப்பார்கள். மற்ற நாட்களில் நீருக்குள் மறைந்திருக்கும் படித்துறைகளின் கடைசிப் படிகள் அப்போதுதான் வெளியே தெரியும்.