பாறைக்குள் போன காற்று

கொங்குப் பக்கம் கம்ப்ரசர் போர் பார்க்காத விவசாயி இருக்க மாட்டார். ஒரு குழாயில் காற்றை அடிக்க, இன்னொரு குழாயில் குமிழியும் தண்ணீருமாகக் கொப்பளித்து மேலே வரும். குழிக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், ஊற்று வற்றினாலும் மோட்டார் கருகிப்போகும் பயமில்லை.

இந்த உத்தி சுரங்கக்காரர்களுடையது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் கார்ல் லோஷர் 1797-லேயே இதை விவரித்துவிட்டார். எண்ணெய்க்காரர்கள் பின்னாளில் கடன் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் காற்றுக்குக் குழாய்க்குள் மட்டும்தான் வேலை.

பாறைக்குள்ளேயே வாயுவை அனுப்பிப் பார்த்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஐ. எல். டன். 1903-ல் மாக்ஸ்பர்க்கில் சுமார் 500 அடி ஆழ எண்ணெய்க் கிணறு ஒன்றில் பத்து நாள் எரிவாயுவை அடைத்து, பிறகு திறந்துவிட்டார். ஓய்ந்து கிடந்த கிணறு, வாயு தீரும்வரை தாராளமாக எண்ணெய் கொடுத்தது. 1911-ல் செஸ்டர்ஹில்லில் சாதாரணக் காற்றையே கம்ப்ரசரால் ஏற்றினார். இம்முறை சுற்றியிருந்த கிணறுகளிலும் எண்ணெய் கூடியது. அதற்கப்புறம் சும்மா இருப்பார்களா? 'மரியெட்டா முறை' என்ற பெயரில் ஊர் ஊராக நகலெடுத்தார்கள். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை அரித்தது, எரிவாயுவோடு கலந்தால் வெடிக்கும் ஆபத்தும் இருந்தது. அதனால் பலர் எரிவாயுவுக்கே திரும்பினர். 1972-ல் டெக்சாஸில் கரியமில வாயுவையே பெருமளவில் இறக்கினார்கள்.

இதற்கிடையே கம்ப்ரசர் கோவைக்கும் வந்து சேர்ந்தது. 1960-ல் இங்கே தொடங்கிய எல்ஜி எக்யூப்மென்ட்ஸின் கம்ப்ரசர்கள் இன்று பல நாடுகளில் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் காற்றை நம்பித்தான் வடநாடு வரை போகின்றன: அடியில் சுத்தியலை இயக்குவதும் பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்று.

குஜராத்தின் மெஹ்சானா பகுதியிலுள்ள பலோலில், காற்றிலுள்ள அந்த ஆக்சிஜனையே ஓஎன்ஜிசி பயன்படுத்திக்கொண்டது. 1990-ல் சோதனையாகவும் 1997 முதல் வணிக அளவிலும் காற்றைச் செலுத்தி, கெட்டியான எண்ணெயில் ஒரு பகுதியைப் பூமிக்குள்ளேயே எரித்தார்கள். அந்தச் சூட்டில் மிச்சம் இளகி நகர்ந்தது.

எண்ணெய் பொதிந்த ஷேல் பாறையில் சிக்கல் வேறு: துளைகள் மிக நுண்ணியவை. விரிசல் உண்டாக்கினாலும் உள்ளிருப்பதில் பத்தில் ஒரு பங்கு வெளிவருவதே பெரிய காரியம். 2016-ல் இஓஜி எண்ணெய் நிறுவனம் டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டில் பலன் கண்டதாக அறிவித்த வழி இது: கிணற்றில் எரிவாயுவை ஏற்று, மூடி ஊறவிடு, அதே கிணற்றைத் திற. இப்போது அழுத்தம் பல மடங்கு, வாயு எண்ணெயிலேயே கரைந்து அதை இளக்குகிறது. ஆனாலும் செய்முறை டன் 1903-ல் செய்ததுதான்!

நம் கம்ப்ரசர் இன்னும் லோஷர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. குழாய்க்கு வந்த தண்ணீரை அது தூக்கும். பாறை இடுக்கிலிருந்து புதிதாகத் தள்ளிக் கொண்டுவராது. மின்சாரத்தையும் நிறையக் குடிக்கும். அடுத்த முறை குதிரைத்திறனைக் கூட்டுமுன், போர் பக்கத்தில் வடிகட்டும் குழி வெட்டி மழைநீரை உள்ளே இறக்குங்கள்.