பூஜ்யமும் பூஜ்யமும் கூடும் இடம்

நான் இன்டர்மீடியட் படித்த கல்லூரியில் வர்ணம் உதிர்ந்த பூமி உருண்டை ஒன்று இருந்தது. ஆசிரியர் வரத் தாமதமான ஒரு நாள், பூமத்திய ரேகைமேல் ஒரு விரலையும் கிரீன்விச் ரேகைமேல் இன்னொரு விரலையும் வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். இரண்டும் ஆப்பிரிக்காவின் அக்குளில், வெறும் நீலத்தில், முட்டிக்கொண்டன. பின்னாலேயே வந்து நின்ற ஆசிரியரிடம், “அங்கே என்ன சார் இருக்கு?” என்று கேட்டேன்.

“தண்ணி இருக்கு. போய் உட்கார்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கினி வளைகுடாவில், கானா நாட்டுக் கரைக்குத் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடம் அது. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பூஜ்யப் பட்டம் கிடைத்த கதை சுவையானது.

குறுக்கு ரேகையில் யாருக்கும் வழக்கில்லை. பூமி சுழலும்போதே தன் இடுப்பைத் தானே காட்டிவிடுகிறது. நெடுக்கு ரேகை அப்படியல்ல. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். எங்கே வேண்டுமானாலும் என்றால், அவரவர் வீட்டு வாசலில் என்றுதானே அர்த்தம்? டாலமி மேற்குக் கோடித் தீவுகளிலிருந்து எண்ணினார். பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து எண்ணினார்கள்.

நம் சித்தாந்திகள் உஜ்ஜயினியிலிருந்து எண்ணினார்கள். அதோடு விடவில்லை. உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே பூமத்திய ரேகையைத் தொடும் இடத்துக்கு ‘இலங்கை’ என்று பெயர் வைத்தார்கள். ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் கணக்கு அந்த இலங்கையின் சூரியோதயத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே உதயமாகும்போது கிழக்கே யவகோடியில் நடுப்பகல், மேற்கே ரோமகத்தில் நள்ளிரவு, நேர் எதிர்ப்புறம் சித்தபுரத்தில் அஸ்தமனம். எவ்வளவு கச்சிதமான கற்பனை! நாம் அறிந்த இலங்கைத் தீவோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகை தள்ளி இருக்கிறது. உஜ்ஜயினிக்கு நேராகவும் இல்லை. சித்தாந்தத்து இலங்கையைப் படகேறித் தேடினால், மாலத்தீவுகளின் தென்கோடிக்குக் கிழக்கே அலைதான் அடிக்கும். ஆக, நம்முடைய பூஜ்யமும் தண்ணீரில்தான் விழுந்தது. உஜ்ஜயினியின் பெயர் அரபியர் வாயில் தேய்ந்து ‘அரின்’ ஆகி, லத்தீன் நூல்களில் புகுந்து, கொலம்பஸின் கடிதம் வரை போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகக் கப்பல் சரக்கில் சுமார் 72 சதவீதம் ஏற்கெனவே கிரீன்விச் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே முடிவு முன்பே தெரிந்ததுதான். பிரான்ஸின் ஜான்ஸென் மட்டும், எந்த வல்லரசின் மண்ணிலும் படாத நடுநிலை ரேகை வேண்டும் என்று வாதாடினார். நியாயமான பேச்சு. தோற்றுப்போனார். ஆதரவு 22, எதிர்ப்பு ஸான் டொமிங்கோ ஒன்றுதான், பிரான்ஸும் பிரேஸிலும் ஓட்டளிக்கவில்லை. ஆப்பிரிக்காவின் பக்கத்தில் விழப்போகும் அந்தப் புள்ளிக்காக ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நாடு லைபீரியா மாத்திரமே. உஜ்ஜயினியைப் பற்றிச் சொல்ல இந்தியாவுக்கு நாற்காலியே கிடையாது. அடுத்த மாதமே பெர்லினில் வேறொரு மாநாடு தொடங்கியது. அங்கே ஆப்பிரிக்காவைக் கூறுபோடுவதற்கு விதிகள் வகுத்தார்கள். அங்கே லைபீரியாவுக்கும் இடமில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் வீம்பை நான் மிகவும் ரசிக்கிறேன். 1911-இல் வேறு வழியின்றி கிரீன்விச் நேரத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சட்டத்தில் அந்தப் பெயரை எழுதவில்லை. ‘பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது’ என்று எழுதினார்கள்! மாமியார் பெயரைச் சொல்லாத மருமகள் தோற்றாள்.

இத்தனை சண்டை போட்டு நிறுத்திய ரேகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கிரீன்விச்சில் ஏரி என்ற வானநூலார் அமைத்த தொலைநோக்கி, அந்த இடத்துப் புவியீர்ப்பை நம்பிச் செங்குத்தைக் கணித்தது. அந்தச் செங்குத்தோ துளி சாய்ந்திருந்தது. செயற்கைக் கோள்கள் பூமியின் மையத்திலிருந்து கணக்கிட்டபோது, பூஜ்ய ரேகை அங்கே 102 மீட்டர் கிழக்கே தள்ளிப்போயிற்று. அங்கே பதித்த கோட்டின்மேல் கால் பரப்பி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிரயாணிகளுக்கு இதைச் சொல்லி மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.

புள்ளி விழுந்த கடலில் பிற்பாடு ஒரு மிதவையை நங்கூரமிட்டார்கள். காற்றையும் கடலின் வெப்பத்தையும் அளந்து அனுப்புவது அதன் வேலையாக இருந்தது. 1997-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கிய நாடுகள் மூன்று: அமெரிக்கா, பிரான்ஸ், பிரேஸில். அன்று ஓட்டளிக்காமல் உட்கார்ந்திருந்த இருவருமே, பார்த்தீர்களா!

இப்போது அந்த இடத்துக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. விலாசம் இல்லாத தகவல் ஏதாவது கம்ப்யூட்டரில் விழுந்தால், அது இரண்டு பூஜ்யங்களைப் போட்டு அங்கே அனுப்பிவிடுகிறது. எங்கோ எடுத்த போட்டோக்கள், எந்தத் தெருவிலோ இருக்கும் கடைகள் எல்லாம் அந்தக் கடலில் போய்க் குவிகின்றன. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக 2011-இல் தேசப்பட நிபுணர்கள் அங்கே ஒரு சதுர மீட்டர் தீவை வரைந்து வைத்தார்கள். ‘நல்’ தீவு என்று பெயர். இங்கிலீஷில் அதற்குச் சூனியம் என்று பொருள். தமிழில் எழுதிப் பார்த்தேன், நல்ல தீவாகிவிட்டது.