பூவும் பூச்சியும்: கார்லின்வில்காரரின் லிஸ்ட்

சாஃப்ட்வேர்ல லாக் ஃபைல்னு ஒண்ணு உண்டு. என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சுன்னு வரி வரியா எழுதிக்கிட்டே போகும். யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க. டிஸ்க்கை அடைக்குதுன்னு திட்டுவாங்க. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் படுத்துக்கிட்டா மட்டும் "லாக் இருக்கா, லாக் இருக்கா"ன்னு அலறுவாங்க. ஆணி பிடுங்குற மக்களுக்கு இது புரியும் :-)

இந்தப் பதிவு அப்படிப்பட்ட ஒரு லாக் ஃபைலோட வரலாறு. எழுதினவர் சார்லஸ் ராபர்ட்சன். காலம் 1884லேர்ந்து 1916 வரை. எழுதின விஷயம்: எந்தப் பூவுல எந்தப் பூச்சி வந்து உட்கார்ந்துச்சு. அவ்ளோதான் மேட்டர்.

ஊர் கார்லின்வில். அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம். சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் போகிற ரயில் பாதையில், செயின்ட் லூயிஸுக்குக் கிட்டக்க வரும் சின்ன ஊர். அந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 1870ல் பத்து லட்சம் டாலருக்கு மேல செலவழிச்சு ஒரு கோர்ட் கட்டிடம் கட்டி, அந்தக் கடனை 1910 வரைக்கும் அடைச்சிருக்காங்க. நாப்பது வருஷ ஈ.எம்.ஐ! ஊர் கடனை அடைச்ச காலமும் நம்ம ஆள் வலையோட அலைஞ்ச காலமும் கிட்டத்தட்ட ஒண்ணு.

இல்லினாய்க்கு 'பிரெய்ரி மாநிலம்'னு பேர். பிரெய்ரின்னா மரம் அதிகம் இல்லாத, ஆள் உயரப் புல்லும் பூச்செடியும் கலந்து கிடக்கிற சமவெளி. ஒருகாலத்தில் அந்த மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் இருந்தது. இன்னிக்கு நல்ல நிலையில் மிச்சம் இருப்பது சுமார் 2,500 ஏக்கர். கால்குலேட்டர் எடுக்க வேண்டாம், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் சோளமும் சோயாவும். ராபர்ட்சன் வலையை எடுத்த 1884லேயே ஏர் ஓட ஆரம்பிச்சு பல வருஷம் ஆகியிருந்துச்சு. அதனால அவர் பார்த்ததை 'கன்னி நிலம்'னு சொல்லிட முடியாது. இதைக் கவனத்தில் வெச்சுக்குங்க.

ராபர்ட்சன் பிறந்தது 1858ல். உள்ளூரில் இருக்கிற பிளாக்பர்ன் கல்லூரியில் பாடம் நடத்தினவர். பெரிய பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிதி எதுவும் பின்னாடி கிடையாது. அவருக்கு முன்னாடி ஜெர்மனியில் ஹெர்மன் முல்லர் என்கிற பள்ளி ஆசிரியர், பூக்களுக்கு வரும் பூச்சிகளைப் பட்டியல் போட்டு 1873ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது டார்வினின் முன்னுரையோடு 1883ல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த வருஷமே நம்ம ஆள் ஆரம்பிச்சுட்டார்.

வேலை என்னன்னு சொன்னா கொட்டாவி வரும். ஊரைச் சுத்தி 16 கிலோமீட்டருக்குள்ள ஒரு செடி பூத்திருந்தா அது முன்னாடி போய் நிக்கணும். வர்ற பூச்சியை வலையில் பிடிக்கணும். குண்டூசியில் குத்தி லேபிள் வைக்கணும். அது என்ன இனம்னு கண்டுபிடிக்கணும். இனத்துக்குப் பேரே இல்லைன்னா? பேர் வைக்கிறதும் இவர் வேலைதான். இப்படி நிறைய தேனீ இனங்களுக்கு இவர் பெயர் சூட்டியிருக்கார். தேதியும் சேர்த்துக் குறிச்சார். பூக்கும் பருவமும் பூச்சி பறக்கும் பருவமும் எப்படி ஒத்துப்போகுதுன்னு 1895லேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கார்னா பார்த்துக்குங்க.

இங்க ஒரு சின்ன விளக்கம். தேனீன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கூடும் தேன் பாட்டிலும்தான். அந்தத் தேனீ அமெரிக்காவின் சொந்தப் பிள்ளையே இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து குடியேறினவங்க கப்பலில் கொண்டுபோனது. அந்த மண்ணின் தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டமா வாழாது. ஒரு பெண் தேனீ தனியா மண்ணுல குழி தோண்டும், மகரந்தத்தை உருண்டை பிடிச்சு உள்ளே வைக்கும், முட்டை போடும், மூடிட்டுப் போயிடும். வருஷத்தில் சில வாரம்தான் வெளியே பறக்கும். அந்த வாரத்தில் அதுக்கான பூ பூத்திருக்கணும். இல்லைன்னா கதை முடிஞ்சது.

சில தேனீக்கள் அதிலும் பத்தியச் சாப்பாடு. 'ஸ்ப்ரிங் பியூட்டி'னு ஒரு குட்டிப் பூ, வெள்ளை இதழில் இளஞ்சிவப்புக் கோடு. மரங்கள் இலை விடுறதுக்கு முன்னாடி, காட்டுத் தரையில் வெயில் விழுகிற கொஞ்ச நாளுக்குள்ள அவசரமா பூத்து முடிச்சுடும். ஆண்ட்ரீனா எரிஜீனியே என்கிற தேனீ தன் குஞ்சுகளுக்கு இந்தப் பூவின் மகரந்தத்தைத்தான் ஊட்டும். அந்தத் தேனீக்கு 1891ல் பெயர் வெச்சது ராபர்ட்சன்தான்.

கடைசியில் எல்லாத்தையும் திரட்டி 'பூக்களும் பூச்சிகளும்'னு பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமா போட்டார். 453 பூக்கள், ஒவ்வொண்ணுக்கும் வந்த விருந்தாளிகளின் பட்டியல். 1920களின் இறுதி, அவருக்குக் கிட்டத்தட்ட எழுபது வயசு. சொந்த வெளியீடு. காசு போட்டு நாமளே புத்தகம் போட்டா யார் படிப்பாங்கன்னு புலம்புற பதிவர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிக்கவும். அந்தப் புத்தகத்தில் கதை கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் லத்தீன் பெயர்கள்தான். 1935ல் மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். குத்தி வெச்ச பூச்சிகள் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வு நிறுவனத்துக்குப் போச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அவர் சராசரி எடுத்து சுருக்கி ஒரு முடிவு எழுதிட்டு மூலத்தைத் தூக்கிப் போடலைங்கறது. அவருக்குக் கருத்துகள் நிறைய இருந்துச்சு, முல்லரோடயே எழுத்துல மல்லுக்கட்டியிருக்கார். இன்னிக்கு அந்த வாதங்களைப் படிக்கிறவங்க ரொம்பக் கம்மி. ஆனா "இந்தப் பூ, இந்தப் பூச்சி" என்கிற வரிகள் மட்டும் பிழைச்சுக் கிடந்துச்சு. நம்ம பாஷையில் சொன்னா, ரிப்போர்ட் செத்துப்போச்சு, டேபிள் உயிரோட இருந்துச்சு.

அந்த டேபிளை முதலில் தூசி தட்டினவர் ஜான் மார்லின். 1970லேர்ந்து 1972 வரை, அதே கார்லின்வில், அதே 16 கிலோமீட்டர், ராபர்ட்சனின் முறையே. மொத்தப் பட்டியலையும் திரும்பச் செய்ய முடியாதில்லையா, 24 செடிகளை மட்டும் எடுத்துக்கிட்டார். ராபர்ட்சன் எழுதின பழைய பெயர்களில் பலது அதுக்குள்ள மாறியிருந்தது. ஒரே இனத்துக்கு ரெண்டு பேர், ரெண்டு இனத்துக்கு ஒரே பேர்னு குழப்பம். தேனீ நிபுணர் வாலஸ் லாபெர்ஜோட சேர்ந்து பட்டியலைச் சரிபண்ணித்தான் ஒப்பிட்டாங்க. விடை ஆச்சரியமானது. அந்த 24 செடிகளைப் பொறுத்தவரை பழைய தேனீக்களில் குறைஞ்சது 82 சதவீதம் அப்பவும் இருந்துச்சு! இது கட்டுரையா வெளியானது 2001ல். தேனீக்கள் விடாப்பிடியா நிலைச்சு நிக்கும் என்பதுதான் அதன் சாரம்.

அதுக்கப்புறம் டேபிள் கம்ப்யூட்டருக்குள்ள ஏறிச்சு. ஜேன் மெமட், நிக்கோலஸ் வேசர், மேரி பிரைஸ்னு மூணு பேர். பூ ஒரு நோடு, பூச்சி ஒரு நோடு, வருகை ஒரு கோடு. கல்லூரியில் நாம எக்ஸாமுக்கு மட்டும் படிச்ச கிராஃப் தியரிதான். 2004ல் அவங்க செஞ்சது: பூச்சிகளை ஒவ்வொண்ணா நீக்கிப் பார்த்தா எத்தனை செடி அனாதையாகும்? நிறையப் பூக்களோடு தொடர்புள்ள பூச்சிகள் போனா சேதம் அதிகம், ஆனா சீட்டுக்கட்டு மாளிகை மாதிரி திடீர்னு சரியலை. 2007ல் இன்னொரு கேள்வி: காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பாகி, பருவம் முன்னாடி நகர்ந்தா? 1,420 பூச்சியினங்களையும் 429 செடிகளையும் வெச்சுக் கணக்குப் போட்டாங்க. ராபர்ட்சன் குறிச்ச பருவ விவரம் இருந்ததால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிஞ்சுது. 17 முதல் 50 சதவீதம் வரையான பூச்சியினங்களுக்குச் சாப்பாட்டில் துண்டு விழும்னு வந்துச்சு.

இதெல்லாம் ஸ்கிரீன்ல ஓட்டிப் பார்த்தது. வயலுக்குப் போய்ப் பார்த்தா? 2009, 2010 ரெண்டு வருஷமும் லாரா பர்க்கிலும் டிஃபனி நைட்டும் கார்லின்வில் போனாங்க. காட்டுத்தரையில் வசந்தத்தில் பூக்கிற 26 செடிகள், அவற்றுக்கு ராபர்ட்சன் காலத்தில் வந்த 109 தேனீ இனங்கள், அவற்றுக்கிடையே 532 தொடர்புகள். இதுதான் அவங்க கையில் இருந்த பழைய கணக்கு. 2013ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்துச்சு. தேனீ இனங்களில் பாதி அந்த வட்டாரத்தில் இல்லை. 532 தொடர்புகளில் மிச்சம் 24 சதவீதம். புதுசா 121 தொடர்புகள் முளைச்சிருந்துச்சு, ஆனா போனதை அது ஈடுகட்டலை.

இதுல நான் ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்பப் படிச்ச இடம் ஒண்ணு உண்டு. அறுந்துபோன 407 தொடர்புகளில் தேனீயே இல்லாமப் போனதால் அறுந்தது 45 சதவீதம்தான். மீதியில்? பூவும் இருக்கு, தேனீயும் இருக்கு, சந்திப்பு இல்லை. பூக்கும் காலமும் பறக்கும் காலமும் ரெண்டுமே முன்னாடி நகர்ந்திருக்கு, ஆனா சேர்ந்து நகரலை. இல்லைன்னா பூ இந்தத் துண்டுக் காட்டில், தேனீ அந்தத் துண்டுக் காட்டில், நடுவுல சோள வயல். உயிரினங்களை மட்டும் எண்ணிப் பார்க்கிற சர்வேயில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. பூ இருக்கா? டிக். தேனீ இருக்கா? டிக். ரெண்டும் சேர்ந்து இருந்துச்சுன்னு எவனாவது எழுதி வெச்சிருந்தாத்தான் பிரிஞ்சது தெரியும். போனவற்றிலும் ஒரு ஒழுங்கு இருக்கு. பத்தியச் சாப்பாட்டுத் தேனீக்கள், மற்ற தேனீயின் கூட்டில் முட்டையிடும் ஒட்டுண்ணித் தேனீக்கள், பொந்துகளில் கூடு கட்டுபவை, இவங்கதான் அதிகமா காணோம்.

உடனே "1972ல் 82, 2010ல் 50, அப்ப நாப்பது வருஷத்துல 32 காலி"ன்னு கழித்தல் போட வேண்டாம். அது 24 செடி, இது வேற 26 செடி, எண்ணின விதமும் வேற. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல அலைஞ்சவருக்குக் கிடைச்ச அபூர்வத் தேனீ, ரெண்டு வருஷம் தேடினவங்க கண்ணுல படாம இருக்கவும் வாய்ப்பு உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனா அந்தச் சந்தேகத்துக்கு அப்பால் நிக்கிறது ஒண்ணு இருக்கு, நம்ம ஸ்ப்ரிங் பியூட்டி. ஒரு பூவுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை தேனீ வருதுன்னு 1970களிலேயே மார்லின் எண்ணி வெச்சிருந்தார். இதுக்கு முப்பது வருஷ அலைச்சல் வேண்டாம், பூ முன்னாடி உட்கார்ந்தா போதும். 2010ல் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே. 82 சதவீதம்னு நல்ல சேதி சொன்ன அதே மனுஷனோட நோட்டுதான் இந்தக் கெட்ட சேதிக்கும் சாட்சி. 2013 கட்டுரையின் மூணு ஆசிரியர்களில் நடுப்பெயர் ஜான் மார்லின்.

சரி, எண்ணி எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறவங்களுக்கு கார்லின்விலுக்கு வெளியே ஒரு உதாரணம். முதுகுல துருப்பிடிச்ச நிறத்தில் ஒரு திட்டு உள்ள பம்பிள் தேனீ ஒண்ணு உண்டு, பாம்பஸ் அஃபினிஸ். அமெரிக்காவின் கிழக்கிலும் மத்திய மேற்கிலும் ஒருகாலத்தில் சாதாரணமா பறந்தது. அது குறையுதுன்னு பலரும் சொன்னாங்க. 'குறையுது'ன்னா எதிலிருந்து? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிட்னி கேமரன் குழு, அருங்காட்சியகங்களில் கிடந்த 73,000க்கும் மேற்பட்ட பம்பிள் தேனீப் பதிவுகளை எடுத்து, நாடு முழுக்க மூணு வருஷம் புதுசா பிடிச்ச 16,000க்கும் மேற்பட்ட தேனீக்களோட ஒப்பிட்டு 2011ல் வெளியிட்டாங்க. நாலு இனங்களின் பங்கு 96 சதவீதம் வரைக்கும் சரிஞ்சிருந்தது, அவை வாழ்ந்த பரப்பு 23லேர்ந்து 87 சதவீதம் வரை சுருங்கியிருந்தது. பாம்பஸ் அஃபினிஸ் அந்த நாலில் ஒண்ணு.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினமா அதை அறிவிக்கும் ஆணை ஜனவரி 2017ல் வந்துச்சு. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் இந்தச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் தேனீ. பிப்ரவரியில் அமலுக்கு வர வேண்டியது, ஆட்சி மாறினதும் தள்ளிப் போட்டாங்க. ஒருவழியா 2017 மார்ச் 21ல் அமலானது. 'முன்பு இது எங்கெல்லாம் இருந்தது' என்கிற கேள்விக்கான விடை பெரும்பாலும் அருங்காட்சியகப் பெட்டிகளிலிருந்து வந்தது, குண்டூசியில் குத்தின தம்மாத்தூண்டு லேபிளில் ஊர் பேரும் தேதியுமா.