பொன் மூக்கும் மெழுகு மூக்கும்

அறியாமைக் காலத்து அறபு நாட்டில் நிகழ்ந்த குலாப் போரில் அர்ஃபஜா பின் அஸ்அத் என்பார் தம் மூக்கை இழந்தார். வெள்ளியால் மூக்கொன்று செய்து பொருத்திக்கொண்டார்; அது நாற்றமெடுத்தது. பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அவரைப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். ஆடவர் பொன்னணிவது விலக்கப்பட்டிருந்தும் இவ்வனுமதி கிடைத்தது. அழகுக்கென்றே பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வதையோ நபிமொழி கண்டித்தது. இழந்ததை மீட்பதையும் படைப்பை மாற்றுவதையும் மார்க்க அறிஞர்கள் வேறுவேறாகப் பகுத்தது இவற்றைக் கொண்டேயாகும்.

இன்று ஃபில்லர் எனப்படும் நிரப்பூசியும் இழந்ததை மீட்கவே தோன்றிற்று. 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் நொய்பர், நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பால் முகத்திலிருந்த பள்ளத் தழும்பை நிரப்பினார். 1899-இல் வியன்னாவில் கெர்சூனி என்பார், காசநோயால் உறுப்பிழந்த ஒருவருக்கு வாசலினை ஊசிவழிச் செலுத்தினார். செய்முறை எளிதாயிருந்தமையால், மூக்கைத் திருத்தவும் சுருக்கத்தை மறைக்கவும் பாரஃபின் மெழுகைச் செலுத்தும் வழக்கம் விரைந்து பரவிற்று. மெழுகோ இடம்பெயர்ந்தது, தசையோடு பின்னிக் கட்டிகளாயிற்று, சிலருக்குப் பார்வையும் போயிற்று. பேரழகியெனப் புகழ்பெற்று, 1921-இல் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன் தம் மூக்கில் ஏற்றிக்கொண்ட மெழுகு தாடை நோக்கி இறங்கி முகத்தைக் குலைத்தது. பிற்காலத்தே வந்த திரவ சிலிக்கோனும் இத்தகைய கேடுகளையே விளைத்தது.

மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொல்லாஜனுக்கு அமெரிக்க அரசு 1981-இல் ஒப்புதல் தந்தது. ஒவ்வாமை உண்டாவென முன்னரே தோலில் சோதிக்க வேண்டியிருந்தது. 1934-இல் மாட்டுக் கண்ணிலிருந்து மேயரும் பால்மரும் பிரித்தறிந்த ஹயாலுரோனிக் அமிலம், 2003-இல் சுருக்கம் நிரப்பும் மருந்தாக அங்கே ஒப்புதல் பெற்றது. நம் உடலிலும் இயல்பாக உள்ள பொருளே இது. பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் கரைந்துவிடும். வேண்டுமாயின் ஹயாலுரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தி முன்னரே கரைக்கலாம். மெழுகுக்கு இல்லாத இப்பண்பே இதன் சிறப்பு.

எச்.ஐ.வி. நோயாளரின் கன்னம் ஒட்டிப்போவதைச் சரிசெய்ய 2004-இல் மற்றொரு நிரப்பூசி ஒப்புதல் பெற்றது. நோயின் அடையாளத்தை முகத்தில் சுமந்தவர்க்கு அது மறுவாழ்வாயிற்று. அர்ஃபஜாவின் பொன் மூக்கு நம் நினைவுக்கு வருவது இங்கேதான்.

ஆயினும் முகத்தின் இரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புடையவை. ஊசி தவறிக் குழாய்க்குள் நுழைந்தால், கரையும் மருந்தும் அடைப்பை உண்டாக்கும்; தோல் அழுகலாம்; பக்கவாதம் நேரலாம்; கண் ஒளி இழக்கலாம். இழந்த பார்வை மீள்வது அரிது. புருவங்களின் இடைப்பகுதியும் மூக்கும் இவ்வகையில் மிக ஆபத்தான இடங்கள்.

ஆகவே, ஊசியை நாடுவோர் தாம் இழந்தது யாதெனத் தம்மையும், ஏற்றும் பொருள் யாது, கேடு நேரின் கரைக்க மருந்து கைவசமுண்டா என்று மருத்துவரையும் கேட்டறிவாராக. முதுமை தந்த சுருக்கத்தை இழப்பென்று எண்ணிக் கண்ணைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.