பெல்ஜியம் எழுதிய பதில்

1945-ம் வருஷம் யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியில் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்பதுதான் பதில். ரொட்டி இல்லை, நிலக்கரி இல்லை, பல வீடுகளுக்குக் கூரையே இல்லை. அந்தச் சமயத்தில் ஓர் அம்மாள் வந்து, குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வேண்டும் என்றால் கேட்டவர்களுக்குச் சிரிப்பு வருமா, வராதா?

அந்த அம்மாள் யெல்லா லெப்மான். ஸ்டுட்கார்ட் நகரத்துப் பத்திரிகையாளர், யூதர். நாஜிகளுக்குத் தப்பி, இரண்டு குழந்தைகளுடன் இங்கிலாந்துக்குப் போனவர். அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராகப் பிறந்த நாட்டுக்குத் திரும்பினார். பழி வாங்க நினைத்திருந்தால் அதற்கு வேண்டிய நியாயம் எல்லாம் அவரிடம் இருந்தது. அவரோ இருபது தேசங்களுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் குழந்தைகள் படிக்கும் புத்தகங்களை இனாமாக அனுப்புங்கள், முக்கியமாகப் படப் புத்தகங்களை. பன்னிரண்டு வருஷம் நாஜிகள் காட்டிய உலகத்தையே பார்த்த குழந்தைகள். அந்நிய பாஷை தெரியாது. படம் பார்க்கப் பாஷை எதற்கு?

பெல்ஜியம் மட்டும் முடியாது என்றது. 1914-லும் 1940-லும் ஜெர்மன் படை புகுந்த நாடு அது. இதில் தப்பு என்ன? வீட்டைக் கொளுத்தியவன் பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடு என்றால், நம் தெருவில் எத்தனை பேர் கொடுப்போம்? (என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) லெப்மான் விடவில்லை. மூன்றாவது தடவை படை வராமல் இருக்க வேண்டுமானால் இந்தக் குழந்தைகளிடமிருந்துதானே தொடங்க வேண்டும் என்று மறுபடி எழுதினார். பெல்ஜியத்திலிருந்து புத்தகங்கள் வந்தன. கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கடிதத்தைவிட, அதைப் பிரித்தவர் மேல்தான் மனம் போகிறது. படித்து முடித்து மேஜைமேல் வைத்துவிட்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாரோ!

1946 ஜூலையில் மியூனிக்கில் கண்காட்சி திறந்தது. பதினான்கு தேசங்கள், சுமார் 4,000 புத்தகங்கள். இடம், ஹிட்லர் தமக்குப் பிடித்த சித்திரங்களை மாட்டி வைக்கக் கட்டிய மாளிகை! பிறகு கண்காட்சி பெர்லினுக்குப் போனது. அங்கே குழந்தைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டுமே? அமெரிக்காவில் 1936-ல் வந்த 'பெர்டினாண்ட்' கதையை லெப்மானே ஜெர்மனில் எழுதிக் கொடுத்தார். சண்டை போடாமல் பூவை மோந்துகொண்டு மரத்தடியில் உட்காரும் காளையின் கதை. நல்ல காகிதம் ஏது? பத்திரிகைக் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சாயின.

வந்து சேர்ந்த புத்தகங்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் இல்லை. 1949 செப்டம்பரில் மியூனிக்கில் அவற்றை வைத்தே சர்வதேசக் குழந்தைகள் நூல்நிலையம் தொடங்கினார். 1983 முதல் அது அந்நகரின் ப்ளூட்டன்பர்க் கோட்டையில் இருக்கிறது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட பாஷைகளின் புத்தகங்கள் அங்கே உண்டு.