திறமையும் சந்தையும்: டேவிட் கிளைட்டின் விளையாட்டு வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு தொழிலாக மாறும்போது விளையாடுபவன் உழைப்பாளியாகவும் விற்பனைப் பண்டமாகவும் ஒருங்கே ஆகின்றான். ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது பந்து வீச்சாளர் டேவிட் கிளைட்டின் வாழ்க்கையாகும்.

அந்நாட்டில் இளம் வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஏற்பாடு 1965 ஆம் ஆண்டு தொடங்கியது. நலிந்த கழகங்களுக்கு முன்னுரிமை அளித்துச் சமநிலை பேணுவதே அதன் நோக்கங்களுள் ஒன்று. 1972 இல் 54 வெற்றிகளும் 100 தோல்விகளும் கண்ட ரெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கழகம், 1973 யூன் மாதத் தெரிவில் முதலிடம் பெற்று, ஹூஸ்ரன் நகரப் பாடசாலை மாணவரான கிளைட்டை ஒப்பந்தம் செய்தது. முற்பணம் 125,000 டொலர்.

இக்கழகம் வாஷிங்ரனிலிருந்து பெயர்ந்து வந்து ஓராண்டே ஆகியிருந்தது. மைதானத்தில் கூட்டமில்லை, உரிமையாளர் பொப் ஷோர்ட் பண நெருக்கடியில் இருந்தார். எனவே கீழ்நிலைக் கழகங்களிற் பயிற்சி பெறவேண்டிய பதினெட்டு வயது இளைஞர், பாடசாலையில் இறுதியாக ஆடி மூன்று வாரமளவிலேயே முதனிலைப் போட்டியில் இறக்கப்பட்டார்.

1973 யூன் 27 அன்று ஆர்லிங்ரன் மைதானம் முதன்முறையாக நிரம்பி வழிந்தது. 35,698 பேர் திரண்டனர். கிளைட் ஐந்து சுற்றுக்கள் வீசி, எதிரணியான மினசோட்டாவுக்கு ஒரேயொரு அடியை மட்டும் விட்டுக்கொடுத்தார். எண்மரை அடிக்கவிடாது வெளியேற்றினார். ஆயினும் எழுவரைப் பிழையான வீச்சுக்களால் முதல் தளத்துக்கு அனுப்பினார். ஆற்றலும் முதிராமையும் ஒரே மாலையில் வெளிப்பட்டன. அணி 4-3 என வென்றது.

இரண்டு ஆட்டங்களின் பின் அவரைப் பயிற்சிக்கு அனுப்புவதே திட்டம். நுழைவுச்சீட்டு வருமானம் அதனைத் தடுத்தது. அவ்வாண்டு அவர் நான்கு வெற்றிகளும் எட்டுத் தோல்விகளும் பெற்றார். 1974 இல் மூன்றும் ஒன்பதும். 1976 இல் தோளில் அறுவைச் சிகிச்சை. 1978 இல் கிளீவ்லாந்துக்காக எட்டு வெற்றிகள். 1979 உடன், இருபத்து நான்காம் வயதில், முதனிலை ஆட்டம் முடிந்தது. மொத்தம் 18 வெற்றிகள், 33 தோல்விகள்.

இளமையே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. அதே தெரிவில் மூன்றாமவராக வந்த றொபின் யவுண்ட், 1973 இன் எஞ்சிய பகுதியைக் கீழ்நிலைக் கழகத்திற் கழித்து, மறுவருடம் பதினெட்டாம் வயதிலேயே முதனிலைக்கு வந்து, இருபது ஆண்டுகள் நிலைத்தார். அவர் ஆடியது வேறு நிலையில் என்பது உண்மையே. பந்து வீச்சாளரின் தோள் தாங்கும் பாரம் தனியானது. அதனாலேயே கிளைட்டுக்குக் கூடுதலான பொறுமை தேவைப்பட்டது எனலாம். ஒருவர் வீரராக வளர்க்கப்பட்டார். மற்றவர் கூட்டம் சேர்க்கும் காட்சியானார்.

ஓய்வூதியத்துக்கு அன்று நான்காண்டுச் சேவை வேண்டும். கிளைட்டுக்கு 37 நாட்கள் குறைந்தன. 1980 இல் அத்தகுதி 43 நாட்களாகக் குறைக்கப்பட்டபோதும், முன்னர் விலகியோருக்கு அது பொருந்தவில்லை. 2011 இலேயே அத்தகையோருக்கு வருடாந்தக் கொடுப்பனவொன்று ஏற்பாடாயிற்று.

ஒரு கழகத்தின் வாயிலை நிரப்பியவருக்கு அவ்வாயிலில் உரிமை இருக்கவில்லை. திறமையைக் கண்டறிவது ஒன்று. அது கனியும்வரை காத்திருப்பது வேறொன்று. சந்தை முன்னதை விரைந்து செய்யும். பின்னதைச் செய்யச் சமூகப் பொறுப்பு வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.